பாகற்காய் நொதியம்: சாயநீரில் நிறநீக்கம் பாதியில் நிற்கிறது

கைத்தறி ரியாக்டிவ் சாயக் (நூலோடு இரசாயனமாகப் பிணையும் சாயம்) கழிவுநீரின் நிறத்தை நீக்கப் பாகற்காய்ப் பேரொட்சிடேசு (ஐதரசன் பேரொட்சைட்டைக் கொண்டு சாயத்தை ஒட்சியேற்றும் நொதியம்) பாவிக்கிறோம். 100 கிராம் காயை 200 மில்லிலீற்றர் குளிர்ந்த பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில் (பீஎச்சை நிலையாக வைத்திருக்கும் கரைசல்) அரைத்து, துணியில் வடித்த சாறு. கழிவுநீரின் பீஎச் 10க்கு மேல். அசற்றிக்கமிலம் விட்டு 5.5க்கு இறக்கி, லீற்றருக்கு 3% ஐதரசன் பேரொட்சைட்டு 1 மில்லிலீற்றர்.

முதல் அரை மணித்தியாலம் நிறம் குறைகிறது, பிறகு அசைவில்லை. பேரொட்சைட்டு கூடினால் நொதியமே செயலிழக்கும் என்று நாலு பங்காகப் பிரித்து விட்டும் அதே கதைதான். கொதிக்கவைத்த சாற்றில் மாற்றமே இல்லை, ஆகவே வேலை செய்வது நொதியம்தான்.

சாயத்தொட்டி உப்பு தடுக்கிறதா, நிறம் குறையும்போது உண்டாகும் கபில வீழ்படிவு நொதியத்தையும் இழுத்துக்கொண்டு அடைகிறதா? பிரித்தறிய என்ன சோதனை? கல்சியம் அல்ஜினேற்று (கடற்பாசிக் கூழ்) மணிகளில் நொதியத்தைக் கட்டியவர்கள் எந்தத் தாங்கற் கரைசல் பாவித்தீர்கள்? பொசுபேற்றில் மணி கரைந்துவிடும். நொதியத்துக்குத் துணையாகச் சேர்க்கும் செயற்கை ஊக்கிகள் வேண்டாம். இது சுண்ணக்கல் நிலம், ஊற்றினது கிணற்றுக்குத்தான் போகும்.