பிரான்ஸ் கிராமத்தில் வீடு வாங்கி, கோடையில் மட்டும் சாம்ப்ர் தோத் நடத்தலாமா?

நிலா_93:

எல்லோருக்கும் வணக்கம். பாரிஸுக்கு வெளியே 93ஆம் மாவட்டத்தில் இருக்கிறோம். எனக்கு ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை, மனைவி ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்கிறா. பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கொஞ்ச நாளாக ஒரு யோசனை எங்களை விடாமல் பிடித்திருக்கிறது. தென்மேற்கு பிரான்ஸின் தொர்தோன் மாவட்டத்தில், சார்லா என்ற ஊரிலிருந்து காரில் அரை மணி நேரத்தில், ஒரு பழைய கல் வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. மேலே நான்கு படுக்கையறை, பக்கத்தில் ஒரு களஞ்சியக் கொட்டில், பின்னால் வால்நட் மரங்கள், சின்னதாக ஒரு நீச்சல் குளம். ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடிய அங்கே இருந்து மூன்று அறைகளைச் சாம்ப்ர் தோத்தாக, அதாவது நாங்கள் இருக்கிற வீட்டிலேயே விருந்தினர் தங்குகிற அறைகளாக விடுவது, காலைச் சாப்பாடு கொடுப்பது, குளிர் தொடங்க வீட்டைப் பூட்டிவிட்டுப் பாரிஸுக்கு வந்து வேலை செய்வது. இதுதான் திட்டம்.

சமையல் எனக்குத் தெரிந்த வேலை, கட்டில் விரித்து அறையைப் பளிச்சென்று வைப்பது அவவுக்குத் தெரிந்த வேலை. இவ்வளவு காலம் அடுத்தவருக்குச் செய்ததை இனி எங்களுக்குச் செய்யலாமே என்று நினைக்கிறோம். ஆனால் இதை நடத்துகிற யாரோடும் தமிழில் கதைக்கக் கிடைக்கவில்லை. ஆறு மாத உழைப்பில் ஒரு வருடம் ஓடுமா? என்ன பதிவு, என்ன வரி? ஊர்ச் சனம் எங்களை எப்படிப் பார்க்கும்? தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கல்வீடு_12:

தம்பி, வீட்டின் அழகைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மே மாதத்திலும் செப்டம்பரிலும் அந்தத் தெருவால் யார் போகிறார்கள் என்று பாருங்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் 20 வரை தெற்குப் பக்கம் அநேகமாக எல்லோருக்கும் அறை நிரம்பும், அதில் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாரங்கள்தான் உங்கள் வருமானத்தைத் தீர்மானிக்கும்.

நாங்கள் இருப்பது தெற்கு பிரான்ஸின் அவேரோன் மாவட்டத்தில், லு புயி-ஆன்-வெலேயிலிருந்து கொங்க் வழியாகப் போகிற ஜிஆர் 65 நடைபாதையின் மேல். ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு நடக்கிற யாத்திரிகர்களின் பழைய வழி அது. லு புயியிலிருந்து கொங்க் வரை சுமார் 200 கிலோமீட்டர், அந்தத் துண்டை மட்டும் நடந்துவிட்டு வீடு திரும்புகிறவர்களும் நிறையப் பேர். எங்களுக்கு மே மாதமும் செப்டம்பரும்தான் நெருக்கடி, ஆகஸ்டில் வெயிலுக்குப் பயந்து ஆள் கொஞ்சம் குறையும். ஒப்ராக் மேட்டில் குளிர்காலத்தில் பனி கொட்டும், அப்போது ஒரு ஈ காக்கையும் வராது, நாங்களும் பூட்டிவிடுவோம்.

ஆனால் நடக்கிறவர்கள் ஒரு இரவுக்கு மேல் தங்க மாட்டார்கள், அதனால் ஒவ்வொரு நாளும் எல்லாக் கட்டிலையும் உரிந்து திரும்ப விரிக்க வேண்டும், விரிப்பு முழுவதும் 60 பாகையில் தோய்த்து எடுக்க வேண்டும், மழை என்றால் அவ்வளவையும் காயவைக்க இடம் வேண்டும். மூட்டைப்பூச்சிதான் இந்தப் பாதையில் எங்கள் எல்லோருக்கும் பெரிய பயம். பிற்பகல் மூன்று மணிக்கு வாசலுக்கு வருகிறவரின் முதுகுப்பையை நாங்கள் அறைக்குள் விடுவதில்லை. கீழே நடையில் சப்பாத்துத் தட்டு, அதற்குப் பக்கத்தில் ஆளுக்கொரு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. பை அதற்குள் போகும். இரவுக்கு வேண்டியதை மட்டும் ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு மேலே போகலாம். முதலில் முகம் சுளிப்பார்கள், காரணத்தைச் சொன்னால் அவர்களே நன்றி சொல்வார்கள். ஒரு அறைக்குள் பூச்சி வந்துவிட்டால் மே மாத நடுவில் அந்த அறையைப் பூட்டி வைக்க வேண்டி வரும், அந்த இழப்பை எவரும் தர மாட்டார்கள்.

இரவுச் சாப்பாடும் கொடுக்கிறோம். தாப்ள் தோத் என்றால் ஒரே மேசை, அன்றைக்கு வைத்த ஒரே சாப்பாடு, உங்களிடம் தங்குகிறவர்களுக்கு மட்டும். மெனு கார்ட் வைத்து வெளியாட்களுக்கு விற்க முடியாது. நான் ஒரு நாள் அலிகோ (உருளைக்கிழங்கு மசியலில் சீஸ் சேர்த்தது) கிண்டுவேன், ஒப்ராக்கில் வந்து அது சாப்பிடாமல் போகக்கூடாது, இன்னொரு நாள் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் இப்போது அதிகம், அவர்களுக்கு எங்கள் சாப்பாடு பெரிய ஆறுதல். வைன் ஊற்றுவதாக இருந்தால் பெர்மி தெக்ஸ்புளுவாத்தாசியோன் என்ற ஒரு நாள் பயிற்சி எடுக்க வேண்டும், எடுத்தால் 10 வருடத்துக்குச் செல்லும்.

ஊர்ச் சனத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் ஊர் மேரி, அதாவது ஊராட்சி அலுவலகம், வாரத்தில் சில அரை நாள்தான் திறக்கும், அங்கே இருக்கிற செயலாளருக்குத் தெரியாத விஷயம் ஊரில் இல்லை, அவவிடம்தான் முதலில் போனோம். பாண் ஊர் பேக்கரியில், முட்டையும் சீஸும் பக்கத்துப் பண்ணையில், கோடை விழாவுக்கு மேசை தூக்கப் போவது, இப்படித்தான் பழக்கம் வந்தது. அடுத்த ஊரில் அறை நிரம்பினால் இப்போது ஆட்களை எங்களிடம் அனுப்புகிறார்கள். நேரம் எடுத்தது, ஆனால் வந்தது.

கணக்குப்பிள்ளை:

அக்கா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். நான் காசுக் கணக்கைச் சொல்கிறேன்.

சட்டப்படி சாம்ப்ர் தோத் என்பது நீங்கள் வசிக்கிற வீட்டில், நீங்களே வரவேற்று, படுக்கைத் துணியும் காலைச் சாப்பாடும் சேர்த்துக் கொடுப்பது. அதிகபட்சம் 5 அறை, 15 பேர். அதற்கு மேல் போனால் பொதுமக்கள் வருகிற கட்டடத்துக்குரிய தீத்தடுப்பு விதிகள் எல்லாம் வந்துவிடும். நீங்கள் பாரிஸில் இருந்துகொண்டு சாவியைப் பெட்டிக்குள் வைத்து வாடகைக்கு விட்டால் அது வேறு வகை, வரியும் வேறு. தொடங்குமுன் மேரியில் அறிவிக்க வேண்டும், அறிவிக்காமல் நடத்தினால் 450 யூரோ வரை அபராதம். தொழில் பதிவு 2023இலிருந்து இன்பி என்ற நிறுவனத்தின் ஒற்றைத் தளத்தில்.

மைக்ரோ என்ற, சிறு தொழிலுக்கான எளிய வரி முறையில் போனால், 2024 நவம்பரில் வந்த புதிய சட்டத்துக்குப் பிறகு, 2025 வருமானத்துக்கு எல்லை 77,700 யூரோ, அதில் பாதியைச் செலவென்று கழித்து மீதிக்கு வருமான வரி. முன்பு 71 சதவீதம் கழித்தார்கள், அதனால் பழைய பதிவுகளில் உள்ள கணக்குகளை நம்ப வேண்டாம். சமூகப் பங்களிப்பு 12.3 சதவீதம். இதைக் கவனியுங்கள்: இந்த 12.3 போவது விருந்தினர் கொடுத்த முழுத் தொகையில், முன்பதிவுத் தளம் எடுத்துக்கொண்ட கமிஷன் உட்பட.

உங்கள் மூன்று அறையை எடுப்போம். இருவருக்குக் காலைச் சாப்பாட்டோடு 80 யூரோ, ஒவ்வொரு அறையும் பருவத்தில் 60 இரவு போகிறது என்று வைத்தால் 14,400. எல்லாம் முன்பதிவுத் தளங்கள் வழியாக வந்து 15 சதவீதம் போனால் 2,160 கழியும். பங்களிப்பு சுமார் 1,770. காலைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 4 யூரோ என்றால் 1,440. மிஞ்சுவது 9,000 சொச்சம், அதற்குள் மின்சாரம், தண்ணீர், சலவை, காப்புறுதி, உடைகிற கப் பீங்கான் எல்லாம் வரும். இதில் இரண்டு பேர் வருடம் முழுக்கச் சாப்பிட முடியாது. வீட்டுக் கடன் இல்லாமல், குளிர்கால வேலை கையில் இருந்தால் நடக்கும். கடனை இதை நம்பி எடுப்பதாக இருந்தால் வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். பாரிஸ் வீடு உங்கள் முதன்மை வசிப்பிடமாக இருந்தால் அந்தக் கிராமத்து வீட்டுக்கு தாக்ஸ் தபித்தாசியோன் என்ற வசிப்பிட வரி கட்ட வேண்டும், அது இரண்டாம் வீடுகளுக்கு இன்னும் இருக்கிறது. மனைவி ஒழுங்காக வேலை செய்தால் அவவை ஒரு தகுதியில் பதிய வேண்டும். கொன்ழுவான் கொலபொரத்தேர் (தொழிலில் உதவுகிற துணைவர்) என்ற தகுதி 2022இலிருந்து ஐந்து வருடத்துக்கு மட்டும், அதற்குப் பிறகு வேறு தகுதிக்கு மாற்ற வேண்டும். உங்கள் பெயரில் எல்லாம் எழுதி அவவின் உழைப்பைக் காகிதத்தில் இல்லாமல் விடாதீர்கள், பென்ஷன் நேரத்தில் அடி விழுவது அவவுக்கு.

நிலா_93:

அக்கா, அண்ணா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. கணக்கைப் பார்த்து மனைவியும் நானும் இரவு வெகுநேரம் கதைத்தோம். கடன் பாதிக்கும் குறைவாகத்தான் வரும், மிச்சம் சேமிப்பு. தொர்தோனில் நடக்கிறவர்கள் குறைவு போல இருக்கிறது, அங்கே மே, செப்டம்பரில் யார் வருவார்கள்? நீச்சல் குளம் லாபமா தொல்லையா? வீட்டுக்குப் பொதுக் கழிவுக் குழாய் இல்லை, குழிதான், அது பிரச்சினையா?

புதுவை_லுவார்:

வணக்கம். எங்கள் குடும்பம் புதுச்சேரி, நான் இப்போது சோமூர் பக்கம் லுவார் ஆற்றங்கரையில் அறைகள் விடுகிறேன். எங்களுக்கு சைக்கிள்காரர்கள்தான் வாழ்வு. லுவார் ஆ வேலோ என்ற சைக்கிள் பாதை வாசலுக்குப் பக்கத்தில் போகிறது. அக்கேய் வேலோ என்ற, சைக்கிள்காரரை வரவேற்கிற இடம் என்று காட்டும் அடையாளப் பலகை வாங்க பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், பூட்டக்கூடிய சைக்கிள் கொட்டிலும் பழுது பார்க்கிற சாமான்களும் வைத்திருக்க வேண்டும். பலகை மாட்டிய பிறகு ஜூன் மாதம் நேரடித் தொலைபேசி அழைப்புகள் நன்றாகக் கூடின, கமிஷன் மிச்சம்.

தொர்தோனைப் பொறுத்தவரை, லாஸ்கோ குகை ஓவியம், சார்லா, ஆற்றில் கயாக் என்று கோடையில் வருவது பெரும்பாலும் குடும்பங்கள். அவர்களுக்குச் சமையலறையோடு ஒரு வீடு வேண்டும், சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை. சாம்ப்ர் தோத் தேடுவது பிள்ளைகள் இல்லாத சோடிகள், ஓய்வுபெற்றவர்கள், அவர்கள் வருவது மே, ஜூன், செப்டம்பர். அதனால் அந்தக் களஞ்சியத்தைப் பிறகு ஒரு ஜீத்தாக, அதாவது சமையலறையோடு தனியாக வாடகைக்கு விடுகிற விடுமுறை வீடாகத் திருத்த முடியுமா என்று இப்போதே பாருங்கள். அப்படிச் செய்தால் நட்சத்திரத் தரப்படுத்தல் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் மைக்ரோ முறையில் எல்லை 15,000, கழிவு 30 சதவீதம்தான்.

இரவுச் சாப்பாட்டில் மட்டும் அக்காவோடு ஒத்துப்போக மாட்டேன். நடைபாதையில் அடுத்த ரெஸ்டோரண்ட் எட்டாத இடத்தில் அது அவசியம். சார்லா பக்கம் மாலையில் எல்லோரும் வெளியே போய்ச் சாப்பிடத்தான் விரும்புவார்கள். காலை 7 மணிக்குப் பாண், வெண்ணெய், ஜாம், காப்பி என்று தொடங்கி இரவு 11 மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்தால் ஆகஸ்ட் நடுவில் கை கால் ஓயும். முதல் பருவத்தில் காலைச் சாப்பாடு மட்டும் வையுங்கள், அதை ஊரே பேசுகிற மாதிரி வையுங்கள். உங்கள் தோட்டத்து வால்நட் போட்ட கேக், நீங்களே காய்ச்சிய அத்திப்பழ ஜாம், ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும், கேட்கிறவர்களுக்கு மட்டும். அதைத்தான் படம் எடுத்துப் போடுவார்கள்.

நீச்சல் குளம்: படத்தில் குளம் இருந்தால் ஆகஸ்டில் ஆள் வரும், உண்மை. ஆனால் 2003 சட்டப்படி வேலி, அலாரம், மூடி, கூரை இதில் ஒன்று கட்டாயம். வறட்சி வருடத்தில் குளத்தில் தண்ணீர் நிரப்பத் தடை போட்டு மாவட்ட ஆணை வரும், அப்போது பச்சையாகிப் போகிற குளத்தைப் பார்த்து விருந்தினர் கோபிப்பது உங்களை.

கல்வீடு_12:

தம்பி, குழி கட்டாயம் பிரச்சினை, அதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். வீடு விற்கிறவர் ஸ்பாங்க் என்கிற உள்ளூர்க் கழிவுச் சேவையின் பரிசோதனை அறிக்கை தர வேண்டும், அது மூன்று வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். தரமில்லை என்று எழுதியிருந்தால் வாங்கிய ஒரு வருடத்துக்குள் திருத்த வேண்டியது நீங்கள். ஒரு குடும்பத்துக்குக் கட்டின குழிக்குள் தினம் எட்டுப் பேரின் குளிப்பும் விரிப்புத் தோய்ப்பும் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எத்தனை பேருக்குக் கட்டியது என்று அறிக்கையில் பாருங்கள், போதாவிட்டால் திருத்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லி நொத்தாரிசு முன்னால் போகுமுன்பே பேசுங்கள்.

சூடாக்கியையும் பாருங்கள், எண்ணெயில் ஓடுகிற ஃபியூல் கொதிகலன் பழுதானால் அதே வகையில் புதிது போட முடியாது, 2022 ஜூலையிலிருந்து தடை. பூட்டிவிட்டு வருவதாக இருந்தால் குழாய்த் தண்ணீரை முழுதும் வெளியேற்றிவிட்டு வர வேண்டும், உறைந்து வெடித்தால் ஏப்ரலில் சுவர் எல்லாம் நனைந்து கிடக்கும். வீடு மாதக்கணக்கில் ஆளில்லாமல் இருப்பதையும் விருந்தினர் தங்குவதையும் காப்புறுதிக்காரரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அப்புறம், அந்த ஊருக்கு நவம்பரில் ஒரு தடவை போங்கள். பேக்கரி திறந்திருக்கிறதா, போனில் சிக்னல் வருகிறதா, மாலை ஐந்து மணிக்குப் பிறகு தெருவில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

நிலா_93:

சரி அக்கா, நவம்பரில் இருவரும் போகிறோம், அந்த ஊர் மேரி திறக்கிற நாளாகப் பார்த்து. ஸ்பாங்க் அறிக்கையை அனுப்பச் சொல்லி ஏஜென்சிக்கு இன்று காலையே எழுதிவிட்டேன். புதுவை அண்ணா, களஞ்சியத்தின் கூரை, சுவர் படங்களை இங்கே போடுகிறேன், ஜீத்தாக்க எவ்வளவு போகும் என்று ஒரு மதிப்புச் சொல்ல முடியுமா?