ஊசியின் காது வாசலாம், ஒட்டகம் முட்டி போடுமாம்!

கடுகுவிதை:
ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னாரே, அதற்கு எளிமையைப் பற்றிய திரியில் நேற்று சகேயு உதிர்த்த முத்து இது: "ஊசியின் காது என்பது எருசலேம் மதிலில் இருந்த சின்ன வாசல். சுமையை இறக்கி முழங்காலிட்டால் ஒட்டகம் உள்ளே போய்விடும். பணக்காரனும் அப்படித் தாழ்மையோடு வந்தால் போதும்." படித்ததிலிருந்து தூக்கம் போச்சு. ஐயா, வாசல் எங்கே? இயேசு காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்றே கிடையாது. மத்தியகால விளக்கவுரைகளில்தான் இந்தக் கதை தலைகாட்டுகிறது.

சகேயு_மரத்தின்மேல்:
எங்கள் போதகர் நேரில் போய் வந்தவர். வழிகாட்டி கையாலேயே காட்டியிருக்கிறார். நீங்கள் எந்த மதிலைப் பார்த்தீர்கள், கணினித் திரையையா?

கடுகுவிதை:
இன்று நிற்கிற மதில் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் கட்டியது. 16ஆம் நூற்றாண்டு! அதில் எந்தப் பொந்தைக் காட்டினாலும் இயேசு பார்த்திருக்க முடியாது.

சரி, வசனத்தையாவது அடுத்த வரி வரை படித்தீர்களா? சீடர்கள் ஆடிப்போய், அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படுவார் என்கிறார்கள். முட்டி போட்டால் முடிகிற காரியத்துக்கு ஏன் ஆடிப்போகிறார்கள்? மனுஷரால் கூடாதது என்றுதான் பதில் வருகிறது. கொஞ்சம் குனிந்தால் கூடும் என்றா வருகிறது? வாசல் எங்கே?

வடக்கயிறு:
இருவருமே தப்பு. அது ஒட்டகமே இல்லை. கிரேக்கத்தில் காமெலோஸ் ஒட்டகம், காமிலோஸ் கப்பல் கயிறு. ஓர் எழுத்துதான் வித்தியாசம். 5ஆம் நூற்றாண்டு ஆயர் அலெக்சாந்திரியா சிரில் அன்றைக்கே கயிறு என்றார்.

கடுகுவிதை:
கப்பல் கயிறு மட்டும் நுழைந்துவிடுமா? நடக்காத காரியத்துக்கு யூத மறைநூலான பாபிலோனியத் தல்மூத் ஊசிக் காதில் நுழையும் யானையைச் சொல்கிறது. அந்த யானையையும் கயிறாக்கிவிடுங்கள்.

பழந்துருத்தி:
இவ்வளவு ஆத்திரம் எதற்கு? செல்வந்தனுக்கு மீட்பு உண்டா என்று ஆதிச்சபை ஆசிரியர் அலெக்சாந்திரியா கிளமெந்து தனி நூலே எழுதியிருக்கிறார். எல்லாரும் எல்லாவற்றையும் உதறிவிட்டால் பசித்தவனுக்கு யார் கொடுப்பது என்று கேட்கிறார். லூக்கா நற்செய்தியில் வரும் பணக்காரச் சகேயு ஏழைகளுக்குக் கொடுத்தது சொத்தில் பாதிதான், முழுசு இல்லை. இயேசுவின் உடலை அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்பும் பணக்காரர்தான்.

கடுகுவிதை:
கிளமெந்துவைக் கூட்டி வந்ததற்கு நன்றி. எருசலேம் வாசல் என்று அவர்கூடச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அவரோடு நிறுத்துவானேன்? 4ஆம் நூற்றாண்டில் செசரியா ஆயர் பசிலியு, நீ மிச்சம் வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் பூட்டிய அங்கி உடுத்த இல்லாதவனுடையது என்று பிரசங்கித்தார். பிரசங்கத்தோடு விடாமல் ஊருக்கு வெளியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் விடுதி கட்டினார். பணக்காரர்களுக்கு வாசல் கட்டவில்லை.

இரண்டுகாசு:
சீர்திருத்தச் சபையாரிடம் போய் இதையெல்லாம் சொல்கிறீர்களே! கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்ற யாக்கோபின் திருமுகத்தையே 1522இல் வைக்கோல் என்றவர் அந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய அவர்களுடைய லூத்தர்.

சகேயு_மரத்தின்மேல்:
லூத்தர் பக்கம் வராதீர்கள். ஜெர்மனியின் லைஸ்னிக் ஊரில் ஏழைகளுக்கும் அநாதைகளுக்கும் பொதுப்பெட்டி வைத்தபோது, 1523இல் அந்தத் திட்டத்துக்கு முன்னுரை எழுதியவர் அதே லூத்தர்தான். ரோமில் பேதுரு பேராலயம் கட்டப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றது யார், உங்கள் கத்தோலிக்கச் சபைதானே? அப்புறம், யாக்கோபின் கடிதத்துக்கு எங்கள் வேதாகமத்தில் பேர் நிருபம். உங்கள் திருமுகம் இல்லை.

இரண்டுகாசு:
திருமுகம்தான். உங்கள் வேதாகமத்தில் "ஐசுவரியவான்" என்று இன்னும் எத்தனை காலம் எழுதுவீர்கள்? செல்வர் என்று நல்ல தமிழில் சொன்னால் ஆகாதா?

சகேயு_மரத்தின்மேல்:
ஐசுவரியவான் என்று படிக்கும்போது வருகிற நடுக்கம் செல்வரில் வராது.

கடுகுவிதை:
நடுங்குகிற ஆள்தானா வாசல் கட்டுகிறீர்கள்? வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்கும் தசமபாகத் திரியிலும் இப்படித்தான் மூன்றாவது கேள்வியில் பேச்சை மாற்றிவிட்டுக் காணாமல் போனீர்கள். நான் மறக்கவில்லை.

ஆறாம்ஜாடி:
பசியாயிருந்தேன், வியாதியாயிருந்தேன், காவலிலிருந்தேன் என்று மத்தேயு 25இல் ஒரு பட்டியல் இருக்கிறதே. அதைப் பற்றி யாராவது பேசலாமா?

கடுகுவிதை:
சேர்ந்து இரண்டு நாள், அதற்குள் உபதேசமா? நீங்கள் சகேயுவின் இரண்டாவது கணக்குதானே? அந்தப் பட்டியல் யாருக்குத் தெரியாது? பட்டியலைப் படித்துவிட்டும் பணப்பையைத் திறக்காதவனுக்குத்தான் வாசல் தேவைப்படுகிறது. அதனால்தான் தொண்டை கிழியக் கேட்கிறேன், வாசல் எங்கே?

ஆறாம்ஜாடி:
நான் யாருடைய கணக்கும் இல்லை.

பழந்துருத்தி:
கடுகுவிதை ஐயா, இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் நீங்கள் எழுதியதுதான். எளிமை என்பது பேச்சுக்கும் பொருந்துமோ என்னவோ.

கடுகுவிதை:
பதில் இல்லாதவர்கள் எண்ணிக்கொண்டிருங்கள். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சகேயு_மரத்தின்மேல்:
போதகரிடம் படம் கேட்டிருக்கிறேன். வாசல் வரும், பொறுங்கள்.

கடுகுவிதை:
எந்த நூற்றாண்டு வாசல்?

வடக்கயிறு:
கயிறு.