முதல் அரை மாரத்தானுக்கு எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

தாம்பரம்வாசி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. ஓராண்டுக்கும் மேலாக வாரத்தில் நான்கு நாள்கள் ஐந்து முதல் எட்டுக் கிலோமீட்டர் வரை ஓடி வருகிறேன். வரும் ஜனவரியில் சென்னை மாரத்தானின் 21.1 கிலோமீட்டர் பிரிவுக்கு முதன்முறையாகப் பதிவு செய்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தூரத்தைக் கூட்டத் தொடங்கியதிலிருந்து இரண்டு தொல்லைகள் தலைகாட்டுகின்றன. பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்டினால் உள்தொடை உரசி எரிகிறது. வியர்வை காலில் வழிந்து சாக்ஸ் ஊறிப்போய், பெருவிரலின் ஓரத்தில் கொப்புளம் கிளம்புகிறது.

இப்போது நான் ஓடுவது நடைப்பயிற்சிக்கென்று வாங்கிய ஷூவிலும் பருத்தி பனியனிலும்தான். எங்கள் ஓட்டக் குழுவில் கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள்: அடிப்பகுதிக்குள் கார்பன் தகடு வைத்த ஷூ, ஜிபிஎஸ் வாட்ச், முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை, காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் சாக்ஸ், ஓடும்போதே ஆற்றலுக்காகச் சாப்பிடும் ஜெல் என்று அது நீண்டுகொண்டே போகிறது. என்னால் ஒதுக்க முடிந்தது 12,000 ரூபாய். இந்தத் தொகைக்குள் எவற்றை உடனே வாங்க வேண்டும், எவற்றை ஒத்திவைக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அடையாறு ஓட்டக்காரன்:

வணக்கம் சார். 12,000 ரூபாய் தாராளமாகப் போதும். ஆனால் அதில் பாதியை ஷூவுக்கு ஒதுக்கிவிட வேண்டும். ஓடும்போது ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நடைக்கென்று செய்த ஷூ அந்த அளவுக்குத் தாங்கும்படி அமைக்கப்பட்டதல்ல. ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய்க்குள் அன்றாடப் பயிற்சிக்கான நல்ல ஷூக்கள் கிடைக்கின்றன.

விலையைவிட அளவுதான் முக்கியம். கடைக்கு மாலையில் செல்லுங்கள், ஏனென்றால் பகல் முழுவதும் நடமாடியபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். நீண்ட ஓட்டத்திலும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது அணியப்போகும் சாக்ஸையே அணிந்துகொண்டு எழுந்து நின்று, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலக ஷூவின் அளவையே சொல்லி வாங்குபவர்களுக்குத்தான் பெருவிரல் நகம் கறுத்துப்போகிறது. நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம். ஆகவே அகல வார்ப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் கொப்புளம் பெருவிரலின் ஓரத்தில் வருவதைப் பார்த்தால், ஷூவின் முனை குறுகலாக இருக்கும் என்றே தோன்றுகிறது. பாதம் உட்பக்கம் சாய்கிறது, வெளிப்பக்கம் சாய்கிறது என்று விற்பனையாளர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கடைக்குள்ளேயே சில எட்டு ஓடிப் பார்த்து, எது காலில் இருப்பதே தெரியவில்லையோ அதையே எடுங்கள்.

குதிகால் மேலும் கீழும் நழுவினால் ஷூ பெரிது என்று முடிவு செய்துவிட வேண்டாம். கணுக்காலுக்கு அருகே பெரும்பாலான ஷூக்களில் யாரும் பயன்படுத்தாத ஒரு கூடுதல் துளை இருக்கும். நாடாவை அதே பக்கத்திலேயே அந்தத் துளைக்குள் செலுத்திச் சிறு வளையமாக விட்டு, எதிர்ப்பக்க நாடாவை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால், விரல்களை நெருக்காமல் குதிகால் மட்டும் இறுகிவிடும்.

கார்பன் தகடு ஷூவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 2019-இல் வியன்னாவில் கென்ய ஓட்டவீரர் எலியுட் கிப்சோகே இரண்டு மணி நேரத்துக்குள் முழு மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரைக் கடந்ததும் அந்த வகை ஷூவுக்கு உலகம் முழுவதும் மோகம் கிளம்பியது. மறு ஆண்டே உலகத் தடகள அமைப்பு சாலைப் போட்டிகளில் அடிப்பகுதியின் தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று வரம்பு விதித்தது. வேகமாக ஓடுபவர்களுக்கு அதில் பயன் உண்டு. கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் எடுத்துக்கொள்பவருக்கு அந்தப் பயன் குறைவு, விலை அதிகம், தேய்மானமும் விரைவு.

இன்னொன்று. ஜனவரிப் போட்டிக்கான பயிற்சி முழுவதும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறது. நனைந்த ஷூவுக்குள் பாதம் படியும் மெத்தையை உருவி எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே அடைத்து மின்விசிறிக்கடியில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் நுரையும் பசையும் சீக்கிரம் கெட்டுப்போகும். பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் ஒரு ஷூ தன் வேலையை முடித்துக்கொள்கிறது; மேற்பகுதி புதிதாகத் தெரிந்தாலும் அடிநுரை செத்திருக்கும்.

கடலோரம்:

அண்ணா சொன்னதோடு நானும் சிலவற்றைச் சேர்க்கிறேன். உங்கள் இரண்டு தொல்லைகளுக்கும் பொதுவான காரணம் பருத்தி. அது வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் அது உலரவே உலராது. ஈரத்தோல் உலர்ந்த தோலைவிட எளிதில் உரசிப் புண்ணாகும். பாலியஸ்டர் அல்லது நைலான் கலந்த சாக்ஸ் மூன்று சோடி, அதே வகைத் துணியில் இரண்டு பனியன், உள்தொடையை மூடும் இறுக்கமான அரைக்கால் உள்ளாடை ஒன்று வாங்கினால் போதும். ஓடுவதற்கு முன் தொடை, அக்குள், விரலிடுக்கு ஆகிய இடங்களில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவிக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு மார்புக்காம்பு உரசி இரத்தம் கசிவதுண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் ஒட்டுநாடாவைச் சிறு துண்டாக வெட்டி ஒட்டிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

இந்த உரையாடலைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: ஷூவுக்கு இணையாகப் பணம் செலவிட வேண்டியது ஸ்போர்ட்ஸ் பிராவுக்கு. யோகாவுக்கென்று விற்கும் மெல்லிய வகை ஓட்டத்துக்கு ஆகாது. கீழ்ப்பட்டை விலாவோடு இறுகப் பொருந்தியிருக்க வேண்டும். துள்ளிப் பார்த்து அசைவு கட்டுக்குள் இருக்கிறதா என்று கவனித்த பின்பே வாங்குங்கள். பட்டையின் விளிம்பு பதியும் இடத்திலும் ஜெல்லியைத் தடவ மறக்க வேண்டாம்.

விடியுமுன் ஓடுபவர்கள் சிலநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பின்புறம் மினுக்கும் சிவப்பு விளக்கையும் ஒளி எதிரொளிக்கும் பட்டையையும் கட்டாயம் வாங்க வேண்டும். நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். இரு காதையும் அடைக்கும் இயர்போன் அந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். நாய் குரைப்பதும் பேருந்து வருவதும் கேட்டாக வேண்டும்.

மருதமலை அடிவாரம்:

ஷூ, துணி இரண்டையும் சொல்லிவிட்டார்கள். தண்ணீர்ப் பையை வாங்குமுன் வீட்டிலுள்ள எடைக் கருவியைப் பயன்படுத்துங்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு, ஈர உடையின்றி எடை பாருங்கள். ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் 70 கிலோ 68.6 ஆகியிருக்கிறது, இடையில் 400 மில்லி குடித்தீர்கள் என்றால், வெளியேறிய வியர்வை 1.8 லிட்டர், அதாவது மணிக்கு 1.2 லிட்டர். அத்தனையையும் திரும்பக் குடிக்க வேண்டியதில்லை. எடை இரண்டு சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று வைத்துக்கொண்டால், இதே எடையும் வியர்வையும் கொண்டு இரண்டரை மணி நேரத்தில் முடிக்கும் ஒருவருக்கு மணிக்கு 650 மில்லி அளவில் வரும். அதை வழியிலுள்ள தண்ணீர்ப் பந்தல்களிலேயே பெற்றுவிடலாம். பயிற்சிக்குக் கையில் பிடிக்கும் அரை லிட்டர் பாட்டில் போதும். முதுகுப் பை மலைப்பாதையில் ஓடும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அவசியம்.

வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரை போகலாம். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அதுவே எச்சரிக்கை. உப்புக்காக வாங்குவதென்றால் ஒரு லிட்டரில் கரைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் மலிவானது, நம்பகமானது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அதில் 2.6 கிராம் சாதாரண உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். அட்டைப்பெட்டி இனிப்புப் பானங்கள் இந்த அளவுப்படி இல்லாமலேயே ஓஆர்எஸ் என்ற பெயரைத் தாங்கி விற்பதை 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நிறுத்தியது. ஆகவே பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவுகளைப் படித்து வாங்குங்கள். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

ஜெல் ஒன்றில் ஏறத்தாழ 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் நான்கைந்தில் அதே அளவு கிடைத்துவிடும். எதைத் தின்றாலும் பயிற்சியில் வயிறு ஏற்றுக்கொண்டதை மட்டும் போட்டியன்று தின்னுங்கள்.

தாம்பரம்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. வாட்ச் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? ஷூவும் துணிகளும் போகக் கையில் மூவாயிரம் ரூபாய் மிஞ்சும் போலிருக்கிறது. இதயத் துடிப்பைப் பார்த்து ஓட வேண்டும் என்று குழுவில் வற்புறுத்துகிறார்கள்.

அடையாறு ஓட்டக்காரன்:

தூரம் காட்டக் கைப்பேசிச் செயலியே போதும். அதை இடுப்புப் பட்டையில் வைத்துக்கொள்ளுங்கள். மலிவான வாட்சுகள் மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சித் துடிப்பைக் கணிக்கின்றன. கை வீசும் தாளத்தையே துடிப்பென்று அவை எண்ணிக்கொண்டு 170, 175 என்று காட்டுவது உண்டு; வார் தளர்ந்திருந்தால் இந்தக் குளறுபடி இன்னும் கூடும். துடிப்பு உண்மையிலேயே வேண்டுமென்றால் கைப்பேசியோடு இணையும் மார்புப் பட்டை வாங்குங்கள். இல்லையென்றால் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். மிஞ்சும் மூவாயிரத்தைச் செலவழிக்காமல் வையுங்கள். போட்டி முடிந்த சில மாதங்களில் அடுத்த ஷூ வாங்கும் வேளை வந்துவிடும்.