தூத்துக்குடிக்காரர்கள் ஏன் "நாங்க திருநெல்வேலி இல்லை" என்கிறார்கள்?

காவிரிக்கரையான்:
திருச்சியிலிருந்து மாற்றலாகித் தூத்துக்குடிக்கு வந்திருக்கிறேன். பேச்சுவாக்கில் "நீங்க எல்லாம் திருநெல்வேலிப் பக்கம்தானே" என்று கேட்டால் ஆபீஸில் முகம் மாறுகிறது. "தூத்துக்குடி சார்" என்று உடனே திருத்துகிறார்கள். ஐம்பது கிலோமீட்டர் தூரம், 1986 வரை ஒரே மாவட்டம். 'ஏலே' அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. அங்கே அல்வா, இங்கே மக்ரூன் என்பதைத் தாண்டி உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா, இல்லை வெறும் ஊர்ப்பெருமையா? கிண்டலுக்குக் கேட்கவில்லை.

பீச்ரோட்டுக்காரன்:
தம்பி, கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பில் போட்டே தலை நரைத்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருநெல்வேலிக்கு ஆறு இருக்கிறது. ஆற்றை ஒட்டி வயல், வயலை ஒட்டிக் கோயில். எங்களுக்கு அது எதுவும் கிடையாது. மழை குறைவு, குடிக்கிற தண்ணீரே தாமிரபரணியிலிருந்து குழாயில்தான் வருகிறது. நிலத்தை நம்பிப் பிழைக்க முடியாத ஊர். அதனால் யார் கப்பலில் வந்தார்கள், நாம் யாருக்குச் சரக்கு ஏற்றினோம் என்பதுதான் எங்கள் சரித்திரம்.

எங்கள் தாத்தா பேச்சில் மெட்ராஸைவிடக் கொழும்பு பக்கம். இங்கே ரயில் வந்தது 1876இல். தனுஷ்கோடி வழி 1914இல் திறக்கும் வரைக்கும், மெட்ராஸிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் இங்கே இறங்கித்தான் கொழும்புக்கு ஸ்டீமர் ஏறினார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களும் உண்டு, கடை போடப் போனவர்களும் உண்டு. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தது இந்தக் கொழும்பு வழியில்தான். வெள்ளைக்காரக் கம்பெனிக்கு நல்ல வருமானம் தந்த வழி அது. அடித்தால் வலிக்கிற இடமாகப் பார்த்து அடித்தார் மனுஷர்.

இன்னொன்று, இங்கே கரைப்பக்கம் ஆழம் குறைவு. பெரிய கப்பல் கிட்டே வராது, சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை எல்லாம் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய்த்தான் கப்பலில் போட வேண்டும். தோணி முதலாளி, தோணியை ஓட்டுகிற தண்டல், மூட்டை தூக்குகிறவர், கணக்குப்பிள்ளை என்று ஒரு ஊரே அந்த ஆழமில்லாத கடலால் பிழைத்தது. இப்போது ஆழமான புதுத் துறைமுகம் இருக்கிறது, 1974இல் அதைப் பெருந்துறைமுகமாக அறிவித்தார்கள். ஆனாலும் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணி போய்க்கொண்டுதான் இருக்கிறது. சிமெண்ட், வெங்காயம், காய்கறி எல்லாம் போகும்.

போர்ச்சுகீசியர் வந்தார்கள், 1658இல் டச்சுக்காரர் பிடித்தார்கள், அப்புறம் இங்கிலீஷ்காரன். எங்கள் தெருவில் பர்னாந்து, மச்சாது, மோத்தா, ரோச் என்று பெயர் இருக்கும், பேசுவது சுத்தமான கடற்கரைத் தமிழாக இருக்கும். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அன்றைக்கு வந்து பாருங்கள், கூட்டத்தில் பாதிப் பேர் கோயிலுக்குப் போகிற இந்துக்கள். திருநெல்வேலியில் இதே மாதிரி ஊர் திரள்வது ஆனித் தேரோட்டத்துக்கு. நான் குறைத்துச் சொல்லவில்லை, அது வேறு ஊர் என்கிறேன், அவ்வளவுதான்.

டவுன்_வாசி:
அண்ணாச்சி சொல்வதெல்லாம் சரி. ஆனால் கல்யாணம், துட்டி எல்லாவற்றுக்கும் இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் ஓடிக்கொண்டுதானே இருக்கிறோம்? நான் திருநெல்வேலி டவுன், எங்கள் அக்காவைக் கட்டிக்கொடுத்ததே தூத்துக்குடி மில்லர்புரத்தில். முன்னெல்லாம் கலெக்டரைப் பார்க்க அங்கிருந்து இங்கேதான் வர வேண்டியிருந்தது, பெரிய சீக்கு என்றால் எங்கள் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. 1986இல் மாவட்டம் பிரிந்தது, 2000இல் அவர்களுக்கும் மெடிக்கல் காலேஜ் வந்தது. அத்தனை வருஷம் ஒரு கையெழுத்துக்காக அடுத்த ஊருக்கு அலைந்த ரோஷம்தான் பாதி என்பது என் கட்சி. எங்கள் அத்தான் இன்னமும் அதைச் சொல்லிச் சண்டைக்கு வருவார். :)

மக்ரூனை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, மூன்றே பொருள். நாங்கள் செய்தால் அது வரவே வராது.

கரிசல்காட்டுப்பெண்:
எனக்கு விளாத்திகுளம் பக்கம். பீச்ரோட்டு அண்ணாச்சி கடலைப் பார்த்து நின்றே பேசுகிறார், கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். கொழும்புக்கு ஆள் போனது சரி. கப்பலில் ஏறியது யார் விளைவித்தது? கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசலில் விளைந்த பருத்தி. உங்கள் ஊரின் முக்கியமான ரோட்டுக்கே கிரேட் காட்டன் ரோடு என்றுதான் பெயர். அந்தப் பருத்தி வெளிநாட்டுச் சந்தையில் 'டின்னவெல்லி' என்று விலை போனது. நிலாவாரை இலையும் அப்படித்தான், இன்றைக்கும் மருந்துக் கம்பெனிகள் அதை 'டின்னவெல்லி சென்னா' என்கின்றன. ஏற்றியது தூத்துக்குடி, பெயர் திருநெல்வேலிக்கு. ரோஷம் வராமல் என்ன செய்யும்!

கோரல் மில் வேலைநிறுத்தம் 1908இல் நடந்ததே, அண்ணாச்சி அதை விட்டுவிட்டார். பஞ்சு வந்ததால் மில், மில் வந்ததால் தொழிலாளி. வ.உ.சி. கூடப் பிறந்தது ஓட்டப்பிடாரத்தில், கடற்கரையில் இல்லை.

அப்புறம் உப்பு. தருவைகுளம், வேப்பலோடை, முள்ளக்காடு என்று ஊரைச் சுற்றி உப்பளம். தேசத்தில் குஜராத்துக்கு அடுத்து உப்பு எடுப்பது நாம்தான். வெயிலில் பாத்தியில் உப்பு வாருகிறவர்களில் பெண்கள் நிறைய, சுற்றுக் கிராமத்திலிருந்து விடியும் முன்னே வந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் ஐப்பசி பிறந்தால் மழைக்கு நேர்ந்துகொள்வார்கள். உப்பளத்துக்குப் போகிற பெரியம்மா வீட்டில் அதே மழை வந்தால் வேலை போச்சு. தூத்துக்குடியின் தனித்தன்மை என்று கேட்டால் நான் பாதிரியார் காலத்துக்குப் போக மாட்டேன், இந்தப் பெண்களைத்தான் காட்டுவேன்.

பீச்ரோட்டுக்காரன்:
தாயி, பருத்தி விஷயம் ஒத்துக்கொள்கிறேன். கோரல் மில்லைச் சொல்லியிருக்க வேண்டும், அதுவும் சரி. ஆனால் கரிசல் பருத்தி கோவில்பட்டியையும் வளர்த்தது, அந்த ஊர் தூத்துக்குடி மாதிரி ஆகவில்லையே? சரக்கு எங்கிருந்தும் வரலாம். அது வந்து நிற்கிற இடத்தில் வேறு ஊர்க்காரன், வேறு பாஷைக்காரன், வேறு பணம் எல்லாம் கலக்கிறது. அந்தக் கலப்பு திருநெல்வேலியிலும் இல்லை, கோவில்பட்டியிலும் இல்லை. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

உப்பளப் பெண்களைப் பற்றிச் சொன்னது நல்லது. துறைமுகத்துக்காரர்கள் நாங்கள் உப்பை டன் கணக்கில்தான் பார்ப்போம்.

காவிரிக்கரையான்:
எல்லோருக்கும் நன்றி. இனிமேல் வாய் தவறியும் "திருநெல்வேலிப் பக்கம்" என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பழைய துறைமுகத்தில் தோணி பார்க்கலாமா, உள்ளே விடுவார்களா?

பீச்ரோட்டுக்காரன்:
பாஸ் இல்லாமல் விட மாட்டார்கள். திரேஸ்புரம் போங்கள், கேட்பார் கிடையாது. நாட்டுப்படகு எல்லாம் அங்கேதான் கிடக்கும், சங்கு குளிக்கப் போகிறவர்களையும் பார்க்கலாம். முத்துக்குளிப்பு 1961க்கு அப்புறம் இல்லை, அதைத் தேடி அலையாதீர்கள். திரும்பும்போது மக்ரூன் வாங்கினால் மூடி இறுகின டப்பாவில் வையுங்கள், நம்ம ஊர்க் காற்றில் ஒரே நாளில் நமத்துப்போகும்.