கண்டன்சேட் பம்ப் தண்ணீர் எடுக்கவில்லை, அவசரம்

நொய்யல்கரை:
அண்ணன்மாரே, சாயப்பட்டறையில் கண்டன்சேட்டை (ஸ்டீம் குளிர்ந்து வரும் சுடுதண்ணீர்) பாய்லருக்குத் திருப்பி அனுப்பும் பம்ப் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் ஏறவில்லை. உள்ளே ஜல்லி உருளுகிற மாதிரி சத்தம். பம்ப் தண்டு வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலை மாற்றி மாற்றிக் கை ஓய்ந்துவிட்டது. முதலாளி தலைமேல் நிற்கிறார். என்ன செய்ய?

பிட்டர்78:
கண்டன்சேட் சேரும் டேங்க் தரையிலா, மேலேயா? தண்ணீர் எத்தனை டிகிரி? ஸ்டீம் பிரஷர் என்ன?

பாய்லர்தாசன்:
பேரிங்தான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.

மூத்தஃபோர்மேன்:
அளவு ஒன்றும் சொல்லாமல் கேட்டால், நாங்கள் என்ன ஜோசியமா பார்க்கிறோம்? இது கேவிடேஷன். கொதிநிலையை ஒட்டிய தண்ணீரை உறிஞ்சினால் பம்புக்குள்ளேயே ஆவியாகும். பாய்லர் பக்கம் வருகிறவர்கள் முதல் வாரமே படித்திருக்க வேண்டும்.

நொய்யல்கரை:
7 பார். டேங்க், பம்ப் ரெண்டும் தரையில்தான். காலையில் நன்றாக எடுக்கும், எல்லா மெஷினும் ஓட ஆரம்பித்தால் தகராறு. டேங்கிலிருந்து ஆவி வெளியேறும் வென்ட் பைப்பில் எந்நேரமும் ஆவி சீறுகிறது.

பிட்டர்78:
அந்தக் கடைசி வரியை முதலிலேயே சொல்லக் கூடாதா! 7 பாரில் கண்டன்சேட் 170 டிகிரி. டேங்குக்கு வந்து பிரஷர் இறங்கியதும் அதில் சுமார் 13 சதவீதம் ஆவியாகும், அது இயல்பு. ஆனால் சீறுகிறது என்றால் ஏதோ ஒரு டிராப் (ஸ்டீமைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் வால்வு) மூடாமல் நின்று ஸ்டீமையே டேங்குக்கு விடுகிறது. பேட்ச் முடிகிற நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு மெஷினாக ஸ்டீமை மூடுங்கள். எதை மூடியதும் வென்ட் அடங்குகிறதோ, அங்கேதான் கோளாறு. அப்புறம் ஸ்டாண்டு போட்டு டேங்கை உயர்த்துங்கள், பம்ப் உறிஞ்சும் சக்ஷன் பைப்பைப் பெரிதாக்குங்கள்; பம்ப் வாயில் பிரஷர் கூடினால் தண்ணீர் உள்ளே ஆவியாகாது. சீல் போவதும் இதனால்தான். சீலின் இரண்டு முகங்களுக்கும் நடுவே இருக்கும் தண்ணீர்ப் படலம் ஆவியாகி, உலர்ந்து உரசுகிறது.

பாய்லர்தாசன்:
வென்டில் ஒரு வால்வு போட்டு மூடினால் ஆவி மிச்சம்தானே?

மூத்தஃபோர்மேன்:
மூடுங்கள், டேங்க் வெடிக்கும். பிரஷருக்குச் செய்த டேங்கா அது?

பவானிக்காரர்:
மோட்டார் பம்பே வேண்டாம். ஸ்டீமாலேயே தள்ளும் மிதவை பம்ப் போடுங்கள். சீலும் கிடையாது, கரண்டும் வேண்டாம்.

கலர்மாஸ்டர்:
முதலில் சாயப்பட்டறைக் கண்டன்சேட்டை பாய்லருக்கு விடுவதே தப்பு. மெஷினுக்குள் ஸ்டீம் ஓடும் குழாய்ச் சுருள் (காயில்) ஓட்டையானால் சாயத் தண்ணீர் பாய்லருக்குள் போகும்.

பவானிக்காரர்:
அதற்காகச் சாக்கடையில் விடுவதா? 7 பார் ஸ்டீமில் உள்ள சூட்டில் கால் பங்கு அதில்தான் இருக்கிறது. பாய்லருக்குப் போகும் ஃபீட் வாட்டர் 6 டிகிரி ஏறினாலே எரிபொருளில் சுமார் ஒரு சதவீதம் மிச்சம். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கண்டக்டிவிட்டி மீட்டர் வைத்து, எண் ஏறினால் வெளியே திருப்பிவிடுங்கள்.

கலர்மாஸ்டர்:
மீட்டரை யார் துடைப்பது? எங்கள் யூனிட்டில் அது எப்போதும் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு இருக்கிறது.

மூத்தஃபோர்மேன்:
அது மீட்டரின் குற்றமில்லை.

நொய்யல்கரை:
கடைசி சாஃப்ட் ஃப்ளோ (சாயமேற்றும்) மெஷின் டிராப். மூடியதும் சத்தம் நின்றது. நன்றி அண்ணா.

பிட்டர்78:
சரி, டேங்கை உயர்த்தினீர்களா? அது மிதவை வைத்த ஃப்ளோட் டிராப்பா, வேறு வகையா?