உறுப்பினர் சந்தா: நிறுவனம் கட்டட்டுமா, நாமே கட்டுவதா?

புதுவரவு:
நான் மின்னணுப் பொறியாளர். தொழில்முறைச் சங்கத்தின் ஆண்டுச் சந்தாவை இதுவரை நிறுவனமே கட்டிவந்தது. இந்த ஆண்டு முதல் "வேண்டுமானால் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்து கிடைத்தது ஒரு மாத இதழ், கருத்தரங்குக் கட்டணத்தில் தள்ளுபடி, அவ்வளவுதான். கைக்காசு போட்டுத் தொடரலாமா?

தனிவழி:
வேண்டாம் என்பேன். லண்டனில் 1818இல் சிவில் பொறியாளர்கள் சங்கம் தொடங்கிய காலத்தில், ஒருவர் கட்டிய பாலத்தில் என்ன கோளாறு வந்தது என்று இன்னொருவர் அறிய நேரில் கூடித்தான் பேச வேண்டும். இன்று அந்த நிலை இல்லை. கணினித் துறைச் சங்கமான ஏசிஎம், 2000 வரை வெளியிட்ட கட்டுரைகளை 2022இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. தள்ளுபடி என்பதும் கருத்தரங்குகளுக்குப் போகிறவருக்குத்தான் லாபம்.

இன்னொன்று, பெரிய சங்கங்கள் நம் சந்தாவில் ஓடவில்லை. மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகளாவிய சங்கமான ஐஇஇஇ அமைப்பின் வருமானத்தில் பெரும்பகுதி ஆய்விதழ்களும் கருத்தரங்குகளும் தருவது. அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்கு, மருத்துவச் சேவைகளுக்கான குறியீடுகளின் உரிமத்திலிருந்து வரும் பணம் சந்தாவைவிட அதிகம். நீங்கள் விலகினால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

கோணமானி:
இதழையும் தள்ளுபடியையும் வைத்து மட்டும் கணக்குப் போட்டால் விடை அப்படித்தான் வரும். இதை நீங்கள் வைஃபை வழியாகத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். அதன் முதல் தரநிலை, அதாவது எல்லா நிறுவனக் கருவிகளும் பின்பற்ற வேண்டிய பொது விதி, 1997இல் வந்தது. ஐஇஇஇ குழுக்களில் பலர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து விவாதித்து எழுதியது அது. பலன் உறுப்பினருக்கு மட்டும் போகவில்லை, எல்லோருக்கும் போனது.

அப்புறம், வேலைக்கு ஆபத்து வரும் நேரம் இருக்கிறதே, அதையும் யோசியுங்கள். சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தின் பார்ட் ரயிலில் தானியங்கிக் கட்டுப்பாடு பாதுகாப்பானதல்ல என்று எச்சரித்த மூன்று பொறியாளர்களை 1972 மார்ச்சில் வேலையை விட்டு நீக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஒரு ரயில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தண்டவாளத்தின் முடிவைத் தாண்டிப் போய்விட்டது. அந்த மூவரும் வழக்குப் போட்டபோது, பொதுமக்களின் பாதுகாப்பைக் காப்பது பொறியாளரின் கடமை என்று நீதிமன்றத்தில் மனு கொடுத்தது ஐஇஇஇ. தனியாளாக நின்றால் நமக்காக அப்படி யார் எழுதுவார்கள்?

தனிவழி:
அந்த மனு 1975இல் வந்தது, கோணமானி. வேலை போய் மூன்று ஆண்டு ஆகிவிட்டது. வழக்கும் தீர்ப்புவரை போகாமல் சமரசத்தில் முடிந்தது.

சங்கம் எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு வேறொரு வழக்கு சொல்கிறேன். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கொதிகலன் விதிக்குழுவில், சந்தையில் முன்னணியில் இருந்த ஒரு நிறுவனத்தின் அதிகாரியும் உறுப்பினர். ஹைட்ரோலெவல் என்ற போட்டி நிறுவனத்தின் கருவி ஆபத்தானது என்று பொருள்படும் கடிதம் 1971இல் சங்கத்தின் பெயரிலேயே போனது. அதைக் காட்டியே அந்த முன்னணி நிறுவனத்தின் விற்பனையாளர்கள் வாடிக்கையாளர்களைக் கலைத்தார்கள். அதற்குச் சங்கமும் பொறுப்பு என்று 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனங்களின் பணமும் ஆட்களும் ஓட்டும் அமைப்புக்கு நான் ஏன் சந்தா கட்ட வேண்டும்?

கோணமானி:
நீங்கள் சொன்ன வழக்கே என் கட்சிக்குத்தான் சாட்சி. நிறுவனத்தின் காசில் உறுப்பினரானவர் குழுவில் நிறுவனத்துக்காகப் பேசுவார், அது இயல்பு. சொந்தக் காசு போடுகிறவர்கள் விலகிவிட்டால் மிஞ்சப்போவது யார்? புதுவரவு, உங்கள் மேலாளர் கட்டியவரை அந்த உறுப்பினர் அட்டை பாதி அவருடையது. இந்த ஆண்டு கட்டினால் முழுக்க உங்களுடையது. வேலை மாறினாலும் கூடவே வரும்.

மூன்றாம் மாடி:
இடையில் ஒரு வார்த்தை. பதிவு இல்லாமல் தொழிலே செய்ய முடியாத மருத்துவர், வழக்கறிஞர் போன்றவர்கள் கதை வேறு. அங்கே கட்டணத்தை வேலை தருபவர் ஏற்பதுதான் நியாயம், ஏனென்றால் அந்தப் பதிவு இல்லாமல் அவருக்கும் வேலை நடக்காது. அங்கேயும் பணம் எதற்குப் போகிறது என்று கேட்கும் உரிமை உண்டு. கலிஃபோர்னியா வழக்கறிஞர்கள் 1990இல் உச்ச நீதிமன்றம்வரை போய், தொழிலுக்குச் சம்பந்தமில்லாத அரசியல் வேலைகளுக்குக் கட்டாயச் சந்தாவைச் செலவிடக் கூடாது என்று வென்றார்கள்.

குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டவர்களையும் மறக்காதீர்கள். நிறுவனம் கட்டும் முறையில் முதலில் உதிர்பவர்கள் அவர்கள்தான். பல சங்கங்களில் வேலையில்லாதவர்களுக்குக் குறைந்த சந்தா உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

புதுவரவு:
சரி, கட்டுவதென்றால் இதழுக்காகக் கட்டப்போவதில்லை. தரநிலைக் குழுவில் ஓட்டுப் போட என்ன வழி?

கோணமானி:
வைஃபை குழுவில் ஓட்டு தனிநபருக்குத்தான், நிறுவனத்துக்கு அல்ல. யார் செலவில் வருகிறோம் என்பதை அறிவித்துவிட வேண்டும். தொடர்ந்து கூட்டங்களில் கலந்துகொண்டால் ஓட்டுரிமை வரும்.

தனிவழி:
அந்தக் கூட்டங்களுக்குப் பதிவுக் கட்டணம், விமானம், விடுதி எல்லாம் யார் தருவது? பெரிய நிறுவனத்தின் ஆள்தான் தொடர்ந்து வர முடியும். ஓட்டு தனிநபருடையது என்று காகிதத்தில் இருந்து என்ன பயன்?

கோணமானி:
அதை ஒப்புக்கொள்கிறேன். சொந்தமாக வருகிறவர்களின் பயணத்துக்குச் சங்கமே நிதி ஒதுக்க வேண்டும். கருத்தரங்கு வருமானம் இருக்கிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நிர்வாகக் குழுத் தேர்தலில் நிற்பவர்களிடம் நான் இதைக் கேட்கப்போகிறேன். அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடவும் உறுப்பினராக இருக்க வேண்டும், தனிவழி.

தனிவழி:
அவர்கள் எழுத்தில் பதில் தரட்டும், இங்கே போடுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.