அப்பாவுக்கு மூன்று மாதமாக வயிற்றுப்போக்கு, 9 கிலோ குறைந்துவிட்டார்

திருமங்கலத்துப்பையன்:
அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மூன்று மாதமாக வயிற்றால் போகிறது, நாளைக்கு ஐந்தாறு தடவை, ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து ஓடுகிறார். 68 கிலோ இருந்தவர் இப்போது 59. பெல்ட்டில் ஆணியை வைத்து இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். ரத்தம் போகவில்லை, பசியும் இருக்கிறது. தெரு முனை கிளினிக்கில் மூன்று தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், நாலு நாள் நிற்கிறது, அப்புறம் பழையபடி. இப்போது "ஐபிஎஸ் (புண்ணோ கிருமியோ இல்லாமலே வயிற்றைக் கலக்கும் குடல் கோளாறு), டென்ஷன்தான்" என்கிறார்கள். மாதுளைத் தோல், வெந்தயம், மோர் எல்லாம் பார்த்தாயிற்று. என்னவாக இருக்கும்?

வைகைக்கரை:
தம்பி, நான் குடல் நோய் வார்டில் நர்ஸ். நாலு வாரம் தாண்டினாலே அது நாள்பட்ட வயிற்றுப்போக்கு, அதோடு எடையும் குறைந்து, தூக்கத்திலிருந்தும் எழுப்புகிறது என்றால் ஐபிஎஸ் என்று முடித்துவிடக் கூடாது, காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். ஒன்று கேட்கிறேன், கூச்சப்படாமல் அப்பாவிடம் கேளுங்கள்: மலம் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்காக மிதக்கிறதா, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? அப்படியென்றால் சாப்பிடும் கொழுப்பு செரிக்காமல் போகிறது. கணையத்தில் கல் இருக்கலாம். குடிக்காதவர்களுக்கும் நம் பக்கத்திலும் கேரளாவிலும் அது வரும், சர்க்கரை நோயையும் அதுவே கொண்டுவரும். இல்லையென்றால் சிறுகுடல் சத்தை உறிஞ்சவில்லை. ஆன்டிபயாட்டிக்குக் கொஞ்சம் கேட்டுவிட்டுத் திரும்புவதால் ஜியார்டியா கிருமியையும், சிறுகுடல் சத்தை உறிஞ்சாமல் போகும் ஸ்ப்ரூ என்ற நோயையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ப்ரூ 1960களில் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கொள்ளைநோய் மாதிரியே பரவியது, ஃபோலிக் ஆசிட், பி12, டெட்ராசைக்ளின் என்று மாதக்கணக்கில் கொடுத்தால்தான் அடங்கும், நாலு நாள் மாத்திரைக்கு அடங்காது.

பசி நன்றாக இருந்தும் இளைக்கிறார் என்றால் தைராய்டு கூடியிருக்கிறதா என்று டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனை ஒன்று பாருங்கள், கை நடுக்கம், படபடப்பு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். செலியாக் (கோதுமை குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய்) சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் ரிசல்ட் தப்பாக வரும்.

கரிசல்மண்:
என் அண்ணனுக்கு இதே கதை, குடல் டிபி. இருமலே இல்லை, நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். சாயங்காலம் லேசாகக் காய்ச்சல், வலப்பக்க அடிவயிற்றில் வலி, அவ்வளவுதான். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண். க்ரோன்ஸ் என்ற நோயும் அதே இடத்தில், பார்க்க அதே மாதிரிதான் வரும், அங்கேதான் ஆபத்து. டிபி இல்லை என்று உறுதியாகாமல் ஸ்டீராய்டு ஆரம்பித்தால் டிபி தலைவிரித்தாடும். அதனால் கொலோனோஸ்கோபி (குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தால் சதைத் துணுக்கு எடுத்து டிபிக்கும் அனுப்புகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெருங்குடலில் புற்றுநோய் இருந்தாலும் அதிலேயே தெரிந்துவிடும். அண்ணன் அரசு ஆஸ்பத்திரியில் இலவச மாத்திரை ஆறு மாதம் சாப்பிட்டார், இன்று நன்றாக இருக்கிறார்.

மருந்துக்கடை_அக்கா:
அப்பா சாப்பிடும் மாத்திரை அட்டைகளைப் பார்த்தீர்களா? மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் ஒத்துக்கொண்டு, பிறகு திடீரென்று வயிற்றைக் கலக்கியவர்கள் உண்டு. பிரஷர் மாத்திரை ஓல்மிசார்டன் என்றால் இன்னும் கவனம். அது சிலருக்குச் சிறுகுடலையே பாதித்து, வயிற்றுப்போக்கும் எடை குறைவும் கொண்டுவரும், ஆரம்பித்துப் பல வருடம் கழித்தும் வரலாம். அமெரிக்க மருந்துத் துறை 2013லேயே இதை எச்சரித்தது. நிறுத்தினால் சரியாகிவிடும், ஆனால் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் ஏறிவிடும்.

திருமங்கலத்துப்பையன்:
அக்கா, இப்போதுதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஓல்மிசார்டன் 40, இரண்டு வருடமாக. வைகைக்கரை சொன்ன எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கிறதாம், இவ்வளவு நாள் சொல்லவே இல்லை மனுஷன். வியாழக்கிழமை கேஸ்ட்ரோ (வயிறு, குடல்) டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறேன்.

வைகைக்கரை:
நல்லது. எல்லா அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். அதுவரை ஓஆர்எஸ் கரைத்துக் கொடுங்கள், சர்க்கரையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல் வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ வியாழன்வரை காத்திருக்காமல் உடனே கூட்டிப் போய்விடுங்கள்.